தானமாய் வந்த கடல்

பெற்றோர்-ஆசிரியர் சங்கம் ஒதுக்கிய தொகை 300 டாலர். தொட்டி சும்மா கிடைத்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபோன ஒரு குடும்பம், தூக்கிக்கொண்டு போக முடியாமல் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. மூன்றடி நீளம், 40 கேலன், நம் கணக்கில் 150 லிட்டர். 2017-இல், நியூ ஜெர்சியில் என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த அரசுப் பள்ளியில் நடந்தது இது. அவளுடைய அறிவியல் டீச்சருக்கு வகுப்பறையில் பவளம் வளர்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பவளத்தொட்டி ஓடிக்கொண்டிருந்ததை மகள் போய்ச் சொல்லிவிட்டாள். அதோடு என் சனிக்கிழமைகள் போயின.

அமெரிக்கப் பள்ளி என்றால் பணம் கொட்டிக் கிடக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். பென்சில், காகிதம், கை துடைக்கும் தாள் வரை டீச்சர்கள் கைக்காசைப் போட்டு வாங்குவது இங்கே ஊரறிந்த சங்கதி. அப்படிச் செலவழித்ததில் ஆண்டுக்கு 250 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று வரிச் சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள். 2022-இல் அதை 300 ஆக்கினார்கள். சட்டமே ஒத்துக்கொண்ட பஞ்சம் அது. டோனர்ஸ்சூஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு, 2000-இல் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் ஆசிரியர் தொடங்கியது. வகுப்புக்கு வேண்டியதை டீச்சர் எழுதிப் போட்டால் முகம் தெரியாதவர்கள் பத்தும் இருபதுமாகப் போடுவார்கள். பணத்தைக் கையில் தராமல் பொருளாக வாங்கி அனுப்பிவிடுவார்கள். எங்கள் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பணம் இல்லாததையாவது சமாளித்துவிடலாம். இலவசமாக வருவதைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. வகுப்பில் கடல்தொட்டி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவர ஆரம்பித்தார்கள். நிலவறையில் பத்து வருடமாகக் கிடந்த ஹீட்டர், பாதி மூட்டை மணல், யாரோ கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள். ஒருவர் தன் வீட்டுத் தொட்டியில் இடம் போதாத நீல டாங் மீனையே தருவதாகச் சொன்னார். நீல டாங் மீனே நாயகியான 'ஃபைண்டிங் டோரி' படம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. மீன் வருவதற்கு முன்பே பிள்ளைகள் அதற்கு டோரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மீன் ஓரடி நீளம் வளரும். நாளெல்லாம் நீந்தி மேய்கிற சாதி. அதை மூன்றடித் தொட்டியில் போட்டால் திரும்புவதற்கே இடம் இருக்காது. வேண்டாம் என்று சொல்கிற வேலை எனக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து நாலு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு டோரி வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கடல்தொட்டியில் அது தலைகீழ். காசுக்கு வாங்கிய மாட்டைக்கூட நம்பி விடலாம். தானத்துக்கு வந்ததைத்தான் பல்லைப் பிடித்து, வாலைத் தூக்கி, குளம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். கையில் காசு இருக்கிறவன் ஒன்று போனால் இன்னொன்று வாங்குவான். 300 டாலர்காரன் அப்படி இருக்க முடியாது.

பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாறை அப்போது ராத்தல் மூன்று நான்கு டாலர். எங்கள் அளவுக்கு வாங்கினால் பாதிப் பணம் பாறைக்கே போய்விடும். அந்த நேரத்தில் தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு வாளி நிறையப் பாறை தந்தார். ஈரமாக, மேலெல்லாம் பாசியும் புழுவும் கண்ட உயிரும் ஒட்டிக்கொண்டிருந்த பாறை. "கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க, எல்லாம் செத்துப்போகும்" என்று யோசனை வேறு சொன்னார். ஒரு பாறையைத் திருப்பிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவில் கொத்துக் கொத்தாக ஏதோ மூடிக்கொண்டிருந்தது. பாலிதோவா. அந்தக் குடும்பத்து உயிரிகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு உண்டு. ஹவாயில் அதைப் பிரித்தெடுத்து 1971-இல் அறிவித்தார்கள். உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றின் வரிசையில் நிற்பது. பாறையைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு சேர்ந்து மூச்சில் ஏறிவிடும். அலாஸ்காவில் 2012-க்கும் 2014-க்கும் இடையில் மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இந்த நஞ்சால் சிலர் நோயில் விழுந்ததை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. கொடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது, நல்ல மனசில் சொன்னதுதான். பொத்தான் ஒட்டியிருந்த பாறைகளைக் கையுறையோடு எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். மீதியை எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயிலில் போட்டேன்.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. பாறை காய்ந்ததில் நல்ல பாக்டீரியாவும் செத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அம்மோனியம் குளோரைடைச் சில சொட்டு விட்டு, வாரக்கணக்கில் காத்திருப்பது. ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அது நடந்து முடிகிற வரைக்கும் மீன் விடக் கூடாது. அந்த அக்டோபர் முழுக்க வகுப்பில் இருந்தது கல்லும் தண்ணீரும்தான். பிள்ளைகள் முறை வைத்துச் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் பச்சையாகிறதா, நீலம் ஊதாவாகிறதா என்று வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்து, சுவரில் இருந்த வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். பக்கத்து வகுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டால், "நாங்க பாக்டீரியா வளர்க்கறோம்" என்று மிடுக்காகப் பதில் சொன்னார்கள். மீன் வந்த பிறகுகூட அந்த மிடுக்கு அவ்வளவு இல்லை.

கையிலிருந்த பணத்தை உப்புக்கும் பம்புக்கும் சோதனை மருந்துக்கும் உப்புமானிக்கும் செலவழித்தோம். ஹீட்டரில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய ஹீட்டர் சாகும்போது எப்போதும் அணைந்தே சாவதில்லை. சில நேரம் உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டு, எரிந்தபடியே இருந்து தொட்டியை அவித்துவிடும். நிலவறை ஹீட்டரைக் குப்பையில் போட்டுவிட்டு, பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சிறியதாக இரண்டும், அவற்றை வெளியிலிருந்து கட்டுப்படுத்த ஒரு கருவியும் வாங்கினோம். ஒன்று எரிந்தபடி நின்றுபோனாலும் தனியாகத் தொட்டியை அவிக்க அதற்குச் சக்தி போதாது. தண்ணீர் என் வீட்டு ஆர்.ஓ. குழாயிலிருந்து, ஐந்து கேலன் கேன்களில். ஒரு கேன் பத்தொன்பது கிலோ. பள்ளியில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிறதே என்று கேட்டார்கள். குளோரின் சேர்ந்த தண்ணீர், போதாததற்குப் பழங்காலத்துக் கட்டடத்தின் செம்புக் குழாய். நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் செம்பு ஆகாது.

மீன் என்று பார்த்தால் இரண்டே இரண்டு கோமாளி மீன்கள். கடலில் பிடித்தவை அல்ல, பண்ணையில் பிறந்தவை. 1970-களின் தொடக்கத்தில் புளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் இவற்றைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து, வாங்குபவனுக்குக் கடலைக் கொள்ளையடித்த பாவம் இல்லாமல் போயிற்று. இந்த மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும் என்று டீச்சர் சொன்னதும் ஒரு பையன் கை தூக்கினான். சினிமாவில் வரும் கோமாளி மீன் நீமோவின் அம்மா செத்துப்போன பிறகு அப்பா அம்மாவாகியிருக்க வேண்டுமே? ஆகியிருக்க வேண்டும்தான். டீச்சர் அன்று பாடத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டார்.

பவளம் முழுக்க முழுக்கத் தானம். பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளர்ந்ததை உடைத்துத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்வார்கள். பக்கத்து ஊர்களில் இருந்தவர்களிடம் நான் கேட்டுப் பெற்றது பச்சை நட்சத்திரப் பவளமும், சீனியாவும், காளான் பவளமும். எல்லாம் மெத்தென்ற சாதிகள், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாதவை. சீனியாவைப் பார்த்தவர்கள் நகர மாட்டார்கள். காம்பின் உச்சியில் இருக்கும் சின்னக் கைகள் மூடி மூடித் திறக்கும். நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதில் பிள்ளைகளுக்குள் சண்டையே வந்தது. துண்டுகளை ஒட்டியது ஒரு டாலர் கடையில் வாங்கிய சூப்பர்குளூ ஜெல்லால். ஈரத்தில் இறுகும் பசை, பவளத்துக்கும் கெடுதல் இல்லை. இத்தனை பெரிய விஞ்ஞானத்துக்குச் செருப்பு ஒட்டுகிற பசையா என்று ஒரு பெற்றோருக்கு மனசே ஆறவில்லை.

அந்தத் தானத்திலும் ஒன்று ஒளிந்து வந்தது. காளான் பவளத்தின் அடியில், கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, கண்ணாடி நிறத்தில் ஒரு தண்டும் அதன் உச்சியில் சின்ன விரல்களும். ஐப்டேசியா, கடல் சாமந்தி இனத்தில் களை. சுரண்டி எடுக்கலாம் என்று கை வைத்தால் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். பாதத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் முளைத்துவிடும். கடையில் அதற்கென்று விற்கிற மருந்து எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சுண்ணாம்பைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, விரல்கள் விரிந்திருக்கும்போது வாயில் ஒரு சொட்டு வைத்தேன். பொசுங்கிப் போயிற்று. தப்பித்தவற்றைத் தின்ன இரண்டு பெப்பர்மின்ட் இறால் வாங்கி விட்டோம்.

சுண்ணாம்பு என்றதும் கொஞ்சம் நின்றாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒருவர் கல் பவளத் துண்டு ஒன்றைக் கொடுத்தார், மான்டிபோரா. மெத்தென்ற சாதி போல அல்ல, எலும்புக்கூடு கட்டுகிற சாதி. அதற்குத் தண்ணீரில் கால்சியம் குறையாமல் இருக்க வேண்டும். கடையில் விற்கும் திரவம் விலை அதிகம். இங்கே மளிகைக் கடையில் ஊறுகாய் போடுகிறவர்களுக்காகச் சுத்தமான சுண்ணாம்பு பொட்டலத்தில் விற்கிறார்கள், காய் மொறுமொறுப்பாக இருக்க. ஒரு கேலன் நல்ல தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கலக்கி, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஜெர்மன் பேசும் நாடுகளின் தொட்டிக்காரர்கள் 1970-களிலிருந்தே செய்துவரும் முறை. கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் அந்த வேலை எனக்கும் டீச்சருக்கும் மட்டும்.

நான் தூத்துக்குடிக்காரன். சிறு வயதில் கடலோரத்தில் வெட்டியெடுத்த பவளக்கல் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைக்கும் போகிற கல். யாருக்கும் அது உயிர் என்று தோன்றியதில்லை, எனக்கும்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001-இல் கல் பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் அலைக்கு மேலே இல்லாமல் போயிருந்தன. பவளத்தை எரித்துச் சுண்ணாம்பு செய்த ஊரிலிருந்து வந்தவன், சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்புத்தான் வந்தது.

ஊரில் டீச்சராக இருக்கும் என் அக்காவுக்குத் தொட்டியின் படத்தை அனுப்பினேன். "எலே தம்பி, நம்ம ஸ்கூல்லயும் இப்படி ஒண்ணு வைக்கலாமா?" என்று கேட்டாள். "வச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கக்கா" என்றேன். புலியை வைத்திருப்பதும் கல் பவளத்தை வைத்திருப்பதும் அங்கே ஒரே அட்டவணைக் குற்றம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் ஊருக்கு அந்தக் கண்டிப்பு தேவைதான்.

இலவசமாக வந்ததில் நான் கடைசியாகக் கண்டுகொண்டது பிள்ளைகளின் மூச்சு. நடுநிலைப் பள்ளியில் சும்மா கிடந்த பி.எச். மானி ஒன்றை டீச்சர் கடன் வாங்கி வந்து தொட்டியில் பொருத்தியிருந்தார். பவளத்தொட்டியில் விளக்கு எரியும்போது பி.எச். ஏறும், இரவில் இறங்கும். இது வழக்கம். ஆனால் எங்கள் வரைபடத்தில் சனி, ஞாயிறு மட்டும் 8.2, 8.3 என்று ஏறியது, பள்ளி நாட்களில் 7.9-க்கு மேலே போக மறுத்தது. ஏன் என்று வகுப்பில் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை மீனுக்குச் சாப்பாடு போடுவதில்லை என்றான் ஒருவன். சத்தம் இல்லை என்றான் இன்னொருவன். ஜன்னலோரத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "நாங்க இல்லல்ல."

அதேதான். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்குக்குச் சற்று மேல் என்றால், குளிருக்காக ஜன்னலைச் சாத்திய வகுப்பறையில் அது 1,000-ஐத் தாண்டுவது சகஜம். அது தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. டீச்சர் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு, தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழாய் வழியாக ஊதிக் காட்டினார், பால்போல மாறியது. தமிழ்நாட்டில் படித்த எவனுக்கும் தெரிந்த சோதனைதான். 'தெளிந்த சுண்ணாம்பு நீர் பால் போல் மாறும்' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய நான், அது எதற்காக என்று அன்றுவரை யோசித்ததில்லை. கடலின் மேற்பரப்புக்கும் இதுதான் நடக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2, இப்போது 8.1. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். மடக்கை அளவு என்பதால் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க ஒரு பையன் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டே போனான்.

குளிர்காலம் வேறு விதமான சோதனை. வெள்ளி மாலை பள்ளி மொத்தத்துக்கும் வெப்பத்தைக் குறைத்துவிடுவார்கள். பனி விழுந்தால் திங்களும் விடுமுறை. தொட்டியின் பின்னும் பக்கமும் நுரைப்பலகை வெட்டி ஒட்டினோம், மின்சாரம் போனால் தானாக ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று வைத்தோம். எல்லாவற்றையும்விட உதவியது இரவில் பள்ளியைத் துப்புரவு செய்கிற பெரியவர். ஆரம்பத்தில் அவருக்குத் தொட்டி என்றாலே ஆகாது. தரையைத் தேய்க்கும் இயந்திரத்துக்கு வேண்டி எந்தப் பிளக்கையும் பிடுங்குவார். பிறகு பிள்ளைகள் அவரை அழைத்துச் சீனியாவைக் காட்டினார்கள். அடுத்த வாரம் அந்தப் பிளக்குக்கு மேலே சிவப்பு நாடா ஒட்டியிருந்தது, ஒட்டியது அவர்தான். ஒவ்வொரு ஜூனிலும் தரைக்கு மெழுகு பூச அறையைக் காலி செய்தாக வேண்டும் என்பதில் மட்டும் அவர் அசையவில்லை. மீனும் பவளமும் கோடைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போயின, மகள் அந்தப் பள்ளியை விட்டுப் போன பிறகும்கூட.

2020 மார்ச் 18 முதல் நியூ ஜெர்சிப் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருடம் கோடை மூன்று மாதம் முன்னதாகவே என் வீட்டுக்கு வந்துவிட்டது. பள்ளி மறுபடி திறந்தபோது வகுப்பில் பாதிப் பேர்தான். கிருமிக்குப் பயந்து ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், ஹீட்டர் ஓயாமல் எரிந்தது, பி.எச். மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கிலேயே நின்றது. புதிதாக வந்திருந்த பிள்ளைகளுக்கு அது ஏன் என்று பழைய வரைபடத்தை வைத்துத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அதற்குள் பச்சை நட்சத்திரம் பாறை தாண்டிக் கண்ணாடியில் படர்ந்துவிட்டது. வெட்டிய துண்டுகளை வளர்ப்பவர்களிடம் கொடுத்து உப்பாக மாற்றிக்கொண்டோம். தானம் வாங்கியது போய்க் கொடுக்கல் வாங்கல் ஆனது. பிள்ளைகள் ஒரு குழுவும் வைத்திருந்தார்கள். யார் எதைத் தர வந்தாலும் நாலு கேள்வி. எவ்வளவு பெரிதாகும்? என்ன தின்னும்? எங்கே பிறந்தது? நோய் வந்தால் யாரைக் கேட்பது? டோரி வேண்டாம் என்று சொல்லும் வேலை என்னைவிட்டுப் போனதில் எனக்கு நிம்மதி.

ஒருமுறை கல்வி வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். தொட்டியைப் பார்த்து மயங்கி, மூங்கில் சுறாவின் முட்டை ஒன்று வாங்கித் தருகிறேன், கண்ணெதிரே குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாம் என்றார். டீச்சருக்குத் தர்மசங்கடம், மேலிடத்து ஆள் அல்லவா. குழுவின் தலைவியாக இருந்த பெண் நோட்டைத் திறந்து, எவ்வளவு நீளம் வளரும் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறோம் என்றாள். அந்தச் சுறா ஒரு மீட்டர் வளரும், எங்கள் தொட்டி ஒரு மீட்டருக்கும் குறைவு. வெள்ளிக்கிழமை கடிதம் போயிற்று. அன்புக்கு நன்றி, சுறா வேண்டாம், எங்களுக்கு உப்பு தீரப்போகிறது, ஒரு பெட்டி வாங்கித் தந்தால் உதவியாக இருக்கும். அவர் இரண்டு பெட்டி அனுப்பினார். இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது என்று துப்புரவுப் பெரியவரிடம் கேட்கப் போனார்கள்.